சுரண்டாத இடம்

திரு.வி.க. பாலம் ஏறும்போதே சீட்டுக்கு அடியிலிருந்து அந்த வாடை வந்துவிட்டது. அழுகின முட்டை வாடை. தேவானை உடம்பை முன்னால் தள்ளி, சீட்டின் விளிம்பில் உட்கார்ந்து ஓட்டினாள். விளிம்பில் உட்கார்ந்தால் பேட்டரி வெடிக்காமலா இருந்துவிடும்? தெரியும். தெரிந்தும் அப்படித்தான் உட்கார்ந்தாள்.

அவள் புருஷன் வடிவேலு ஒன்பது வருஷம் ஓட்டிய ஆட்டோ அது. மூன்று மாதத்துக்கு முன்னால், கத்திரி வெயிலில் ஒரு பகல் பதினோரு மணிக்கு, லஸ்ஸில் சவாரியை இறக்கிவிட்டு, இதே வாடை வருகிறதே என்று அவன் சீட்டைத் தூக்கிப் பார்த்தான். பேட்டரி டெர்மினல் ஆடிக்கொண்டிருந்தது. முடுக்கலாம் என்று ஸ்பானரை வைத்தான். ஒரு பொறி பறந்தது. பேட்டரி பிளந்து ஆசிட் முகத்தில் அடித்தது. வலது கண் அன்றைக்கே போயிற்று. இடது கண்ணுக்கு வெளிச்சம் தெரியும், ஆள் நிழல் தெரியும். யாருடைய நிழல் என்று தெரியாது.

அதன்பிறகு வண்டி கால்வாயோரம் துணி போட்டு மூடிக் கிடந்தது. தேவானையிடம் லைசென்ஸ் இருந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் பெண்களுக்கு இலவசமாகச் சொல்லிக்கொடுத்த இடத்தில் எடுத்தது. அப்போது வடிவேலு சிரித்துக்கொண்டே அதைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தான். இரண்டு வீட்டில் பாத்திரம் கழுவி மூன்று பேர் சாப்பிட முடியாது என்றான பிறகு அவள் அதை வெளியே எடுத்தாள். கைமாறிய பேட்டரி ஒன்றை வாங்கி மாட்டி வண்டியைக் கிளப்பினாள். பத்தே நாளில் ஹெட்லைட் பல்பு மூன்று போயிற்று. பேட்டரியில் டிஸ்டில் வாட்டர் ஊற்ற ஊற்ற அடுப்பில் வைத்த மாதிரி வற்றியது. மந்தைவெளியில் ஒருவன் சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரை மாற்றினான். அடையாறில் ஒருவன் அதையும் கழற்றி வேறு மாற்றினான். அப்படியும் வாடை நிற்கவில்லை. பதினொன்றாம் வகுப்பு படிக்கும் மகள் தமிழ்நிலா வாசலில் நின்று, "நீயும் கண்ண குடுத்துட்டு வந்து குந்தப் போறியாம்மா?" என்று கேட்டாள்.

அடையாறுக்காரன் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "ஓவர் சார்ஜ் ஆவுதுக்கா. பேட்டரிக்கு வேண்டியதுக்கு மேல கரண்டு போய்க்கினே கீது. ஏன்னு எனக்குப் புடிபடல. இத்த கண்டுபுடிக்கணும்னா அமீன் பாய்தான். கொட்டிவாக்கத்துல கீறாராம்."

அந்தப் பெயரைக் கேட்டதும் தேவானைக்கு வாயெல்லாம் கசந்தது.

வடிவேலுவின் வண்டிக்குக் கடைசியாக பேட்டரி மாட்டியவர் அமீன் பாய். மயிலாப்பூரில் பறக்கும் ரயில் பாலத்தின் ஒரு தூணடியில் இருபது வருஷமாக ஆட்டோ எலக்ட்ரிக் வேலை பார்த்தவர். பேட்டரி வெடித்த ஐந்தாம் நாள் தேவானை அந்தத் தூணுக்குப் போனாள். செருப்பைக் கழற்றினாள். கூந்தலை அவிழ்த்தாள். கால்வாய்க்கரை மண்ணை மூன்று முறை வாரி அவர் கடை மேல் தூற்றினாள். "என் புருஷன் கண்ண அவிச்சவன் கையி வெளங்காம போவட்டும்" என்று மூன்று முறையும் கத்தினாள். மேலே நடைமேடையில் நின்றவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். அன்று சாயங்காலம் ஆட்டோ ஸ்டாண்டுப் பையன்கள் நாலு பேர் பாயின் கடையை உடைத்தார்கள். அவர் கையையும் உடைத்தார்கள் என்று அப்புறம் கேள்விப்பட்டாள். கேட்டபோது அவளுக்கு வருத்தமாக இல்லை. அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினாள்.

மூன்று மாதமாகக் காலையில் எழுந்ததும் அவள் முதலில் தொட்டுக்கொண்டது அந்தக் கோபத்தைத்தான், தாலியைத் தொட்டுக்கொள்வது மாதிரி. அது இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் அடுப்பைப் பற்றவைப்பாள்.

பாலம் தாண்டி, கொட்டிவாக்கத்தில், கடலுக்குப் போகும் சந்தில், ஒரு பஞ்சர் கடைக்குப் பின்னால் நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தது. அதன் நிழலில் ஒரு மரப்பெட்டி, இரண்டு ஸ்டூல். காத்திருக்கிற வண்டி ஒன்றுகூட இல்லை. ஆடிக்காற்று கடல் மணலைக் கொண்டுவந்து எல்லாவற்றின் மேலும் தூவியிருந்தது. அமீன் பாய் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். தாடி முழுக்க நரைத்திருந்தது. பக்கத்தில் அவர் மகள் மஹ்விஷ் டிபன் டப்பாவைப் பிரித்துக்கொண்டிருந்தாள். தி.நகரில் புடவைக் கடையில் வேலை பார்த்தவள். தீபாவளிக்குத் துணி எடுக்கப் போனால் "வாங்கக்கா" என்று ஸ்டூல் இழுத்துப் போடுவாள்.

வண்டி நின்றது. தேவானை இறங்கவில்லை. ஹேண்டிலைப் பிடித்தபடியே இருந்தாள்.

மஹ்விஷ்தான் முதலில் பார்த்தாள். "அப்பா, இவங்க வந்துக்கிறாங்க."

"பாத்தேன். டிபன வை."

"மண்ணு தூத்த வந்தியாக்கா?" என்றாள் மஹ்விஷ். "இங்க நெறைய கீது. கடல் மண்ணு. எவ்ளோ வோணுமோ வாரிக்கோ."

"மஹ்விஷ்!"

"இன்னா மஹ்விஷ்? நான் இன்னா பொய்யா சொல்ட்டேன்?"

தேவானை இறங்கினாள். முன்பெல்லாம் தூரத்தில் பார்த்தாலே 'வா தங்கச்சி' என்பவர், இப்போது "இன்னா வோணும்?" என்று மட்டும் கேட்டார்.

"வண்டி ஓவர் சார்ஜ் ஆவுது பாய். ரெகுலேட்டர் ரெண்டு தபா மாத்தியாச்சு. நிக்கல."

"வெடிக்கற பேட்டரி மாட்றவன்னு எனக்குப் பேரு. எங்கிட்ட ஏன் வந்த?"

"வேற யாருக்கும் தெரில."

"எனக்கு மட்டும் தெரியுமா?"

காற்று திசை மாறி வண்டிப் பக்கமிருந்து அவர் பக்கம் வீசியது. அவர் மூக்கு சுருங்கியது. முகம் மாறிவிட்டது. அது அவளுக்குக் காட்டிய முகம் இல்லை, தொழில் தெரிந்தவனின் முகம்.

"மொதல்ல சாவிய எடு. சீட்டத் தூக்காத. தள்ளி நில்லு, காத்துல போவட்டும். மஹ்விஷ், அந்த ஊதுவத்திய அணை."

கால்மணி நேரம் மூன்று பேரும் வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு அவர் சீட்டைத் தூக்கினார். பேட்டரியின் பக்கவாட்டுச் சுவர் வயிறு மாதிரி புடைத்திருந்தது. டெர்மினலைச் சுற்றி வெள்ளையாகப் பூத்திருந்தது. மூடிகள் ஈரமாகக் கசிந்தன. அவர் மல்டிமீட்டரை எடுக்க வலது கையை நீட்டினார். எடுத்தது நழுவிப் பெட்டிக்குள் விழுந்தது. நடுவிரலும் மோதிர விரலும் மடங்கவில்லை. குச்சி மாதிரி நீட்டிக்கொண்டு நின்றன. மஹ்விஷ் குனிந்து மீட்டரை எடுத்துக்கொண்டாள். அந்த நொடியில் தேவானைக்குப் புரிந்தது. இவள் புடவைக் கடையை விட்டுவிட்டாள். இவள்தான் இப்போது அவர் கை.

கையி வெளங்காம போவட்டும். மூன்று முறை கேட்டது கிடைத்திருந்தது. விரலைப் பார்க்காமல் இருக்க அவள் சந்தின் கோடியில் தெரிந்த கடலைப் பார்த்தாள்.

"செவப்பு ப்ளஸ்ல. கறுப்பு மைனஸ்ல. எவ்ளோ காட்டுது?"

"பன்னெண்டு புள்ளி ஆறு," என்றாள் மஹ்விஷ்.

"நல்லாதான் கீது. இப்போ ஸ்டார்ட் பண்ணச் சொல்லு." மகள் வழியாகவே பேசினார்.

தேவானை ஸ்டார்ட் செய்தாள். பதினாலு. "ரேஸ் குடுக்கச் சொல்லு." முறுக்கினாள். பதினைஞ்சு. பதினைஞ்சு எட்டு. பதினாறு நாலு. பதினாறு ஒம்போது. பட்டப்பகலில் ஹெட்லைட் வெள்ளை வெளேரென்று எரிந்தது.

"போதும், போதும்!" என்றார். "பதினாலரை ஓல்ட்டுக்கு மேல ஏறக் கூடாது. ஏறுச்சின்னா தண்ணி கொதிக்கும், ஆவி கட்டும். அந்த ஆவி மேல ஒரு பொறி பட்டாப் போதும்." இதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கியது.

பெட்டியிலிருந்து நன்றாக வேலை செய்கிறது என்று தெரிந்த ரெகுலேட்டர் ஒன்றை எடுத்து, வண்டியின் பின்னால் இருந்ததன் இணைப்பைப் பிடுங்கி இதில் மாட்டச் சொன்னார். அது வயரில் தொங்கியது. மறுபடி முறுக்கினாள். பதினாறு ஒம்போது. அப்படியேதான் இருந்தது.

"பாத்தியா, அப்பா? இதுவும் போச்சா?"

"இது போவல." அவர் ஸ்டூலைப் பின்பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பழைய இணைப்பைத் திரும்ப மாட்டச் செய்தார். வண்டித் தகட்டில் போல்ட் போட்டிருந்த ரெகுலேட்டரை ரொம்ப நேரம் பார்த்தார். "இதுக்கு எர்த்துக்குன்னு தனி வயர் கெடையாது. இதோட ஒடம்புதான் எர்த்து. ஒடம்பு தகட்ட தொட்டுக்கினு கீணும். கறுப்பு முனைய பேட்டரி மைனஸ்ல வை. செவப்ப இது ஒடம்புல வை."

வைத்தாள். "மூணு காட்டுது."

"ஒண்ணுமே காட்டக் கூடாது. எர்த்து இல்லன்னா இதால கரண்ட அடக்க முடியாது."

ஒரு துண்டு வயரை இடது கையால் எடுத்து, ஒரு முனையை ரெகுலேட்டர் உடம்பில் அழுத்திக்கொண்டு, மறு முனையை மகளிடம் நீட்டினார். "மைனஸ்ல தொடு." மீட்டர் முனைகளை பேட்டரியில் கவ்வவிட்டு, மீட்டரைத் தேவானையின் கையில் கொடுத்தார்கள். அவள் ஒரு கையால் முறுக்கிக்கொண்டே மறு கையில் இருந்த எண்ணைப் பார்த்தாள். பதினாறு ஒம்போது. மஹ்விஷ் வயரைத் தொட்டாள். பதினாலு இரண்டு. ஹெட்லைட் வெள்ளை இறங்கி மஞ்சளாயிற்று. வயரை எடுத்தாள். ஏறியது. தொட்டாள். இறங்கியது. மூன்றாவது முறை அவர் சொல்லாமலே தொட்டுப் பார்த்தாள். இறங்கியது.

"ஆஃப் பண்ணு," என்றார் பாய். இந்த முறை தேவானையிடமே சொன்னார். பிறகு மகளிடம், "கழட்டும்மா," என்றார்.

மஹ்விஷ் இரண்டு போல்ட்டையும் கழற்றினாள். ரெகுலேட்டர் கையோடு வந்தது. அடியில் மஞ்சள். பளபளவென்று, வழவழவென்று, இரண்டு கோட்டு எனாமல் மஞ்சள். போல்ட் ஓட்டைக்குள்கூட இறங்கியிருந்தது. போல்ட் ஒவ்வொன்றின் தலைக்கு அடியிலும், ரெகுலேட்டருக்குப் பின்னாலும், கறுப்பாக ஒரு ரப்பர் வட்டம்.

"ரப்பர் வாஷர்," என்றார் பாய். நம்பமுடியாமல் சிரித்துவிட்டார். "எர்த்து வர்ற எடத்துல பெயிண்ட்டு. அது மேல ரப்பர் வாஷரு. எவன்டா இவன்! மாத்துனவனுங்க ரெண்டு பேரும் இருந்ததையே எடுத்து திருப்பி மாட்டிக்கிறானுங்க. பெயிண்ட் எங்க அடிச்சது?"

"கடைல," என்றாள் தேவானை. "சைதாப்பேட்டைல. எஃப்சிக்கு."

மஹ்விஷ் தகட்டில் குனிந்து, நகத்தால் எதையோ கிள்ளி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். பெயிண்டில் ஒட்டிக் காய்ந்திருந்த ஒரு மயிர். "கடைல ஸ்ப்ரேதானே அடிப்பாங்க. இது பிரஷ்ஷு மயிரு."

மாசி மாதம். வண்டியைத் தகுதிச் சான்றுக்கு விட வேண்டும். கடைக்குக் கொடுக்க வேண்டாம், நானே அடிக்கிறேன் என்று சேலையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தவள் அவள்தான். மூன்று பகல். மயிர் உதிர்கிற பிரஷ். யாரும் பார்க்காத உள்பக்கத்துக்குக்கூட, ரெகுலேட்டரைக் கழற்றிக் கொடு என்று வடிவேலுவிடம் கேட்டு வாங்கி, இரண்டு கோட்டு. வாழ்க்கையில் ஒரு காரியத்தை ஓர் இடம் விடாமல் செய்தோம் என்று அப்போது அவளுக்கு நெஞ்சு நிறைந்திருந்தது.

கடற்காற்று மணலை அள்ளிக் கணுக்காலில் அடித்தது. பாயும் மகளும் அவளைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்தார்கள். அது வசவைவிட மோசமாக இருந்தது.

மஹ்விஷ் உப்புத்தாளை எடுத்தாள். "குடு," என்றாள் தேவானை. வாங்கிக்கொண்டு மண்டி போட்டாள். சுரண்டினாள். மஞ்சள் தூள் தூளாக உதிர்ந்து வியர்வையில் ஒட்டியது. இரும்பு தெரிகிற வரைக்கும் சுரண்டினாள். தெரிந்த பிறகும் சுரண்டிக்கொண்டே இருந்தாள். "போதும், தகடு ஓட்டயாயிடும்" என்றார் பாய்.

ரெகுலேட்டரை இரும்போடு இரும்பாக மாட்டினார்கள். முறுக்கிப் பார்த்தார்கள். பதினாலு இரண்டு. பேட்டரியை மாற்றாமல் ஓட்டக் கூடாது என்று எச்சரித்து, தன் பெட்டிக்குப் பின்னாலிருந்த ஒன்றை மாட்டிக்கொடுத்தார். அதை முடுக்கும்போது, யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார்:

"எம்மேலயும் தப்பு கீது. அன்னிக்கு புது பேட்டரி மாட்னப்போ இதே மாதிரி ரேஸ் குடுத்துப் பாத்திருக்கணும். நோன்பு தொறக்கற நேரம். பாங்கு சொல்ட்டாங்க. நாளிக்கு வா வடிவேலு, சார்ஜிங் பாக்கறேன்னேன். அவன் வர்ல. நானும் போன் போடல. அதான் பசங்க கைய ஓங்கினப்போ நான் தடுக்கல."

மஹ்விஷ் வெடுக்கென்று திரும்பினாள். "நீ சும்மா இருப்பா. இதுவும் உன் தப்பா?" தேவானையிடம் சொன்னாள்: "ஸ்டாண்டு வாட்ஸப் குரூப்புல அப்பா போட்டோவப் போட்டு, இவன்கிட்ட வண்டி வுடாதீங்க, கண்ணு போயிடும்னு எழுதி வச்சிக்கிறாங்க. அது திருவான்மியூர், பெசன்ட் நகர்னு எல்லா ஸ்டாண்டுக்கும் போய்ச்சி. நேத்து ஒருத்தர் வந்தாரு. அப்பா மூஞ்சப் பாத்தாரு, செல்லப் பாத்தாரு, போய்ட்டாரு. அத்த யாரு எடுக்கறது?"

பாய் மகளை அடக்கவில்லை. ஒரு ரப்பர் வாஷரை எடுத்துத் தேவானையின் உள்ளங்கையில் வைத்தார். "சைக்கிள் டியூப்ப வெட்டினது. பிளேடால, வட்டமா, அழகா வெட்டிக்கிறான். இத்த யாரு வச்சதுன்னு கேளு."

திரும்பிப் போகும் வழியில் வாடை இல்லை. அவள் சீட்டில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருக்கலாம். விளிம்பில்தான் உட்கார்ந்திருந்தாள்.

வீட்டில் வடிவேலு கறுப்புக் கண்ணாடியோடு சுவரில் சாய்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தான். மெஸ்ஸுக்குக் கொடுக்க வேண்டிய பூண்டு. கண் போன பிறகு விரல் அதைப் பழகிக்கொண்டுவிட்டது. அம்மன் கோயிலில் ஊற்றிய கூழைத் தமிழ்நிலா சொம்பில் வாங்கிவைத்துவிட்டு டியூஷனுக்குப் போயிருந்தாள். கருவாட்டுக் குழம்பு மூடியிருந்தது. தெருக்கோடி மைக் செட் அலறிக்கொண்டிருந்தது.

"இன்னாமே, சத்தத்தக் காணோம்? வண்டி சரியாச்சா?"

"ஆச்சு."

"யாரு பாத்தா?"

"பாய்."

பூண்டு உரித்த விரல் நின்றது. தேவானை எதிரில் உட்கார்ந்து, அவன் கையைப் பிரித்து, வாஷரை வைத்தாள். அவன் கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் அதை உருட்டினான். ஓரத்தைத் தடவினான். ஓட்டையில் நகத்தை விட்டுப் பார்த்தான். இது இன்னா என்று கேட்பான் என்று காத்திருந்தாள். அவன் கேட்கவில்லை.

"கேளுய்யா. இன்னா இதுன்னு கேளு."

தெருவில் பாட்டு முடிந்து இன்னொன்று ஆரம்பித்தது.

"சைக்கிள் டியூப்பு," என்றான். "பாப்பா சைக்கிள்து."

"நீ வெட்னதா?"

"எனக்கு எர்த்து தெரியாதா தேவான? பதினெட்டு வருசம் ஆட்டோ ஓட்றேன். உப்புத்தாள எடுத்துக்கினுதான் குந்தினேன். நீ வந்து பக்கத்துல குந்தின. 'உள்பக்கம்கூட ரெண்டு கோட்டு அடிச்சேன் பாத்தியா'ன்ன. மூக்கு மேல மஞ்ச ஒட்டிக்கினு இருந்துச்சு. சொரண்ட மனசு வர்ல. நட்டு பெயிண்ட்ட கடிச்சி இரும்பத் தொடும், அது போதும்னு முடுக்கினேன். பெயிண்ட்டு பேந்துச்சு. உனக்குக் கஷ்டமா இருக்குமேன்னு டியூப்ப வெட்டி வச்சேன். எஃப்சி முடிஞ்சதும் எடுத்துடலாம்னு."

"எடுத்தியா?"

"மறந்துட்டேன்."

பெயிண்ட் அடித்த அந்த மூன்று பகல்களில் அவனும் அவளும் எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு சிரித்துப் பேசினார்கள். அவளுக்கு அது நினைவு வந்தது. நல்லதாக ஒரு மூன்று நாள். அதிலிருந்துதான் இது வந்திருக்கிறது.

"எப்ப ஞாபகம் வந்துச்சு?"

அவன் வாஷரை மறுபடி உருட்டினான்.

"எப்பய்யா?"

"ஆஸ்பத்திரில. ரெண்டு கண்ணையும் கட்டிப் போட்டிருந்தாங்களே. வேற இன்னா வேல? யோசிச்சிக்கினே கெடந்தேன். வெடிக்கறதுக்கு முன்னாடி பல்பு போனது, தண்ணி வத்துனது... மூணாவது நாளு தெரிஞ்சிப்போச்சு."

"நான் பாய் கடைக்குப் போனது அஞ்சாவது நாளு."

"ம்."

"உன்னக் கேட்டுட்டுதானே போனேன். போயி அவன நாக்கப் புடுங்கிக்கற மாதிரி கேக்கட்டுமான்னு கேட்டேன். நீ சொவுத்துப் பக்கம் திரும்பிக்கின. எரிச்சல்ல திரும்பறன்னு நெனச்சேன்."

"எரிச்சலும்தான்."

அவள் எழுந்து போகவில்லை. பாத்திரத்தை வீசவில்லை. மூன்று மாதமாகப் பாய்மேல் இருந்த கோபம் இப்போது இவன்மேல் ஏறும் என்று தனக்குள்ளே பார்த்தாள். ஏறவில்லை. உள்ளே ஒன்றுமே இல்லை, காலிச் சொம்பு மாதிரி.

"நீ அடிச்ச பெயிண்ட்டாலதான் என் கண்ணு போச்சுன்னு உங்கிட்ட எப்டிமே சொல்றது?" என்றான் அவன். "நீ தாங்குவியா?"

ஒரு நொடி அது அவளுக்குள் இதமாகத்தான் இறங்கியது. தனக்காக ஒருத்தன் இதை மூன்று மாதம் சுமந்திருக்கிறான். பிறகு குச்சி மாதிரி நீட்டிக்கொண்டிருந்த இரண்டு விரல் நினைவுக்கு வந்தது.

"எனக்காவதான் சொல்லலியா?"

"ஆமா."

"முழுசா ஆமாவா?"

அவன் கண்ணாடியைக் கழற்றினான். ஒன்று மூடித் தைத்த மாதிரி, ஒன்று பால் கலந்த மாதிரி. அவளுடைய நிழலைப் பார்த்துச் சொன்னான்: "ஸ்டாண்டுல சிரிப்பானுங்கமே. பதினெட்டு வருசம் ஓட்னவன் எர்த்துக்கு ரப்பர் வச்சான்னு."

கூழில் ஈ உட்கார்ந்தது. அவள் கையால் விரட்டிவிட்டு, இரண்டு கிண்ணத்தில் ஊற்றி, ஒன்றை அவன் கையில் வைத்தாள். இரண்டு பேரும் குடித்தார்கள். பசி நிற்கவில்லையே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அவனுக்கு வெள்ளைச் சட்டை போட்டுவிட்டாள். "எங்கமே?" என்றான். "சவாரி," என்றாள். பின் சீட்டில் உட்காரவைத்துத் தூணடிக்கு ஓட்டினாள்.

ஸ்டாண்டுச் செயலாளர் அறிவு எழுந்து வந்தான். முப்பது வயது, நல்லது கெட்டதுக்கு முதலில் வந்து நிற்பவன். ஆஸ்பத்திரியில் ராத்திரி முழுக்க உட்கார்ந்தவனும் அவன்தான், பாயின் கையை முறுக்கியவனும் அவன்தான். "வாக்கா! மாமா, எப்டி கீற? அக்காவுக்கு லைன்ல ஏழாம் நம்பர் போட்டு வச்சிக்கிறேன். மயிலாப்பூர் ஸ்டாண்டுல மொத பொம்பள டிரைவரு, இன்னா?" இரண்டு மூன்று பேர் கைதட்டினார்கள். பாய் கடை இருந்த தூணடியில் யாரோ கரும்புச் சாறு மிஷின் போட்டிருந்தார்கள். தூணில் 'அமீன்' என்ற எழுத்து மட்டும் பாதி அழிந்து நின்றது.

தேவானை அறிவிடம் சொன்னாள். சுரண்டாத பெயிண்ட், ரப்பர் வாஷர், எல்லாம் சொன்னாள். அவன் முகத்திலிருந்து சிரிப்பு போயிற்று. அவளைத் தனியாகத் தூணுக்குப் பின்னால் கூட்டிப்போனான்.

"சரி, ஆச்சு. இப்போ அதுக்கு இன்னா?"

"குரூப்புல போட்ட போட்டோவ எடு. அவரு மேல தப்பில்லன்னு போடு."

"பேஜார் பண்ணாதக்கா. தப்பில்லன்னு நாங்களே போட்டா, அப்பால எதுக்குடா அடிச்சீங்கன்னு கேப்பான். பாய் மவ சும்மா வுடுமா? கேஸு. நாலு குடும்பம்கா. உனக்காவதான் அடிச்சோம். நீதான மண்ண வாரி தூத்துன?"

"நான்தான்."

"அப்போ வாய மூடிக்கினு ஓட்டு. போட்டன்னா உன் வண்டி இந்த லைன்ல நிக்காது. இங்கன்னு இல்ல, அடையாறு வரிக்கும் எங்கயும் நிக்காது. சொல்ட்டேன்."

அவன் சொன்னால் அப்படித்தான் நடக்கும். தமிழ்நிலாவின் பள்ளிக்கூடம், வீடு, பூண்டு மூட்டை எல்லாம் அவள் கண்முன் வந்து போயின. நேற்று ஒரு வார்த்தையில் தான் சொன்ன பொய்யும் வந்தது. கடைல, சைதாப்பேட்டைல. எவ்வளவு சுலபமாக வந்தது அது.

வண்டிக்கு வந்தாள். வடிவேலு எல்லாவற்றையும் கேட்டிருந்தான். "வுட்றலாமே தேவான," என்றான் தணிந்த குரலில். "பாய்க்குத்தான் வேற எடம் கெடச்சிட்ச்சே."

"எறங்கு."

கையைப் பிடித்து இறக்கினாள். அவன் ரோட்டைப் பார்த்து நின்றான். அவள் தோளைப் பிடித்து, அழிந்த எழுத்து இருந்த தூணின் பக்கம் திருப்பினாள். அவன் சட்டைப்பையிலிருந்து அவன் செல்லை எடுத்தாள். ஸ்டாண்டு குரூப்பைத் திறந்தாள். இருநூற்றுப் பதினெட்டுப் பேர். குரல் பதிகிற இடத்தில் கட்டைவிரலை அழுத்தி, செல்லை அவன் வாய்க்கு நேராகப் பிடித்தாள். லைனில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வண்டியை விட்டு இறங்கி வந்தார்கள். கரும்பு மிஷின் நின்றது.

"சொல்லு."

"நான்... வடிவேலு பேசறேன். எழுவத்தி நாலு வண்டி. என் பேட்டரி வெடிச்சதுக்கு அமீன் பாய்..."

தலைக்கு மேல் ரயில் வந்தது. தூண் நடுங்கியது. அவன் உதடு அசைந்துகொண்டே இருந்தது. கண்ணாடிக்குக் கீழே நீர் இறங்கியது. ரயில் முழுவதும் கடந்து வேளச்சேரிப் பக்கம் போய் ஓய்கிறபோது அவன் பேசி முடித்திருந்தான். தோள் தளர்ந்திருந்தது. அறிவு கையை நீட்டிக்கொண்டு கிட்டே வந்துகொண்டிருந்தான்.

தேவானை பதிந்ததை அனுப்பாமல் அழித்தாள். கட்டைவிரலை மறுபடி அழுத்தினாள்.

"கேக்கல," என்றாள். "இன்னொரு தபா சொல்லு."